சிறுநீரகக் கல்லும் கரிசல் மண்ணும் ஒரே கருவியில்

புதிதாக இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு பல்கலைக்கழகத்தின் பொதுக் கருவிக்கூடத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எக்ஸ்ஆர்டி என்று எல்லோரும் சொல்கிற எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுக் கருவி என் பொறுப்பில் இருந்தது. எந்தத் துறைக்காரராக இருந்தாலும் கையில் ஒரு பொட்டலத்தோடு எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன: ஒரு துறையில் பிறந்த நுட்பம் இன்னொரு துறையில் எப்படி வேலை செய்கிறது என்று. அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். எக்ஸ்ஆர்டி கற்றுக்கொள்ளச் சொல்கிறார் என் பேராசிரியர். ஆனால் அதை வேதியியல், மண்ணியல், மருந்தியல் என்று எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அப்படியானால் அது யாருடைய பாடம்? ஒரு நுட்பத்தை மட்டும் ஆழமாகக் கற்றால் எந்தத் துறையிலும் சேராமல் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
– மாணவி, அருப்புக்கோட்டை

என் மகளைவிடச் சின்னவள் நீ, அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

எங்கள் கூடத்தில் மாதிரிகளை வரவு வைக்க ஒரு நீள நோட்டு இருந்தது. அதில் ஒரு வாரத்துப் பக்கம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. திங்கட்கிழமை சிமெண்ட் ஆலையிலிருந்து கிளிங்கர் தூள். செவ்வாய்க்கிழமை ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து நோயாளிக்கு எடுத்த சிறுநீரகக் கல், சின்ன மருந்துப் புட்டியில். அப்புறம் சித்த மருத்துவம் படிக்கும் பையன் ஒருவன் கொண்டுவந்த சங்கு பற்பம். வியாழக்கிழமை கரிசல் மண். வெள்ளிக்கிழமை ஒரு மாத்திரைக் கம்பெனியின் வெள்ளைத் தூள். ஐந்தும் ஒரே தட்டில் ஏறி இறங்கின.

எப்படி முடிகிறது? படிகப் பொருள் எதுவானாலும் அதற்குள் அணுக்கள் அடுக்கடுக்காக, சமமான இடைவெளியில் உட்கார்ந்திருக்கின்றன. எங்கள் கருவியில் செம்பிலிருந்து வரும் எக்ஸ் கதிரின் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம் (ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ராம்); அணு அடுக்குகளின் இடைவெளியும் ஏறக்குறைய அதே அளவுதான். அதனால் சில குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் கதிர்கள் ஒன்றுக்கொன்று கைகொடுத்து வலுவாகத் திரும்புகின்றன, மற்றக் கோணங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வரைபடத்தில் 26.6 டிகிரிப் பக்கம் ஒரு உயரமான கொம்பு எழும்பினால் முதலில் குவார்ட்ஸைத்தான் நினைப்போம். 1912இல் மியூனிக் நகரில் மாக்ஸ் வான் லாவே குழுவினர் இந்த விளைவைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே பிராக் என்ற அப்பாவும் மகனும் அதைக் கணக்காக்கினார்கள். 1915இல் இருவருக்கும் நோபல் கிடைத்தபோது மகனுக்கு 25 வயது. அவர்கள் பார்த்தது உப்பையும் வைரத்தையும். சிறுநீரகக் கல்லை அல்ல.

ஆனால் அந்தக் கல்லைத் தட்டில் வைத்தபோது வந்த பெயர் வெட்டலைட். கால்சியம் ஆக்சலேட்டின் ஒரு வடிவம். அண்டார்க்டிகாவை ஒட்டிய வெட்டல் கடலின் அடிச்சேற்றில் கிடைத்ததால் அந்தப் பெயர். கடலடிச் சேறும் மனித உடம்பும் ஒரே படிகத்தைச் செய்கின்றன என்று தெரிந்த அன்று எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். சங்கு பற்பத்தில் வேறு கதை. பச்சைச் சங்கு அரகோனைட் என்ற படிகம். புடம் போடும்போது சூட்டில் அது கால்சைட்டாக மாறும். இன்னும் சூடேறினால் சுண்ணாம்பாகிவிடும். மூன்றுக்கும் கோணங்கள் வேறு வேறு. புடம் எவ்வளவு ஏறியது என்பதை அந்தப் பையன் வரைபடத்திலேயே படித்துவிட்டான். மாத்திரைக்காரர்களுக்கோ படிக வடிவம் உயிர்ப் பிரச்சினை. 1998இல் ரிட்டோனவிர் என்ற எய்ட்ஸ் மருந்தில், அதே மூலக்கூறு வேறு விதமாக அடுக்கிக்கொண்ட இன்னொரு படிகம் தலைகாட்டியது. அது சரியாகக் கரையவில்லை. விற்பனையிலிருந்த காப்ஸ்யூலை நிறுத்த வேண்டியதாயிற்று.

இப்போது உன் பயத்துக்கு வருகிறேன். இதற்கு நான் செய்த ஒரு தவற்றைச் சொன்னால்தான் புரியும்.

வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம். நிலவியல் பேராசிரியர் ஒருவர் கண்மாய் வண்டல் கொண்டுவந்தார். அகேட் கல்வத்தில் நைசாக அரைத்து, தட்டில் நிரப்பி, கண்ணாடி வில்லையால் அழுத்தி அழுத்திக் கண்ணாடி மாதிரி மட்டமாக்கினேன். அதுதான் நான் கற்ற பாடம். மேற்பரப்பு மேடுபள்ளமாக இருந்தால் கோணம் பிசகும். வரைபடத்தில் காக்காப்பொன்னின் கொம்பு வானத்துக்கு நின்றது. பாதிக்கு மேல் காக்காப்பொன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் மண்ணை உள்ளங்கையில் கொட்டி வெயிலில் சாய்த்துப் பார்த்தார். "இதில் இவ்வளவு மினுக்கம் இல்லையேம்மா" என்றார்.

காக்காப்பொன் தாள் தாளாக உரிகிற கனிமம். நான் அழுத்தியதும் அத்தனை செதில்களும் பாய் விரித்த மாதிரி ஒரே பக்கமாகப் படுத்துவிட்டன. கருவி ஒரே முகத்தை ஆயிரம் தடவை பார்த்து, ஆயிரம் பேர் இருப்பதாகச் சொல்லிவிட்டது. உப்பை வைத்துக் கற்றவளுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை; உப்புத் துகள் சின்னக் கட்டி மாதிரி இருக்கும், எப்படி வேண்டுமானாலும் உருளும். அன்றைக்கு அவர் எனக்குப் பக்கவாட்டிலிருந்து தூளை நிரப்பக் கற்றுக்கொடுத்தார், அழுத்தாமல்.

அதோடு விட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த வாரம் அதே மனிதர் கரிசல் மண்ணோடு வந்தார். "இன்றைக்கு எல்லாச் செதிலும் படுத்தே ஆகணும்" என்றார். நான் விழித்தேன். களிமண் ஆராய்ச்சியில் அதுதான் முறையாம். மண்ணைத் தண்ணீரில் கலக்கி 8 மணி நேரம் விட்டால் 2 மைக்ரானுக்கு மேற்பட்டதெல்லாம் மேலிருக்கிற 10 சென்டிமீட்டரைத் தாண்டிக் கீழே போயிருக்கும். மேலே மிதக்கிற நைசை மட்டும் உறிஞ்சிக் கண்ணாடி வில்லையில் சொட்டு விட்டுக் காயவைத்தால் செதில்கள் தாமாகப் படுத்துக்கொள்ளும். அப்போது அடுக்குகளுக்கு நடுவே உள்ள தூரம் மட்டும் பளிச்சென்று தெரியும். கரிசல் மண்ணில் அந்தத் தூரம் 15 ஆங்ஸ்ட்ராம் பக்கம் இருந்தது. வில்லையை எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தின் ஆவியில் ஒரு ராத்திரி வைத்துத் திரும்ப ஓட்டினோம். 17 ஆகியிருந்தது. மண் விரிந்ததை ஆங்ஸ்ட்ராம் கணக்கில் கண்ணால் பார்த்தேன். மழையில் பொதும்பி, வெயிலில் கால் நுழைகிற அளவு வெடிக்கிற கரிசல் காட்டின் குணம் முழுக்க அந்த இரண்டு ஆங்ஸ்ட்ராமில் இருக்கிறது. கட்டடப் பொறியியல்காரர்கள் அஸ்திவாரம் போடுவதற்கு முன் வந்து கேட்பதும் இதே வரைபடத்தைத்தான்.

முந்தின வாரம் என் கையில் தவறாக இருந்தது, அடுத்த வாரம் அவர் கையில் வழிமுறையாக இருந்தது. கருவி மாறவில்லை, கேள்விதான் மாறியது.

அதனால் எக்ஸ்ஆர்டி யாருடைய பாடம் என்றால், கோணமும் அலைநீளமும் உன் பாடம். தட்டில் என்ன வைக்கிறோம், ஏன் வைக்கிறோம் என்பது வருகிறவருடைய பாடம். முதலாவதை அடிவரைக்கும் கற்றுக்கொள். இரண்டாவதற்கு அவர்களோடு போ. மண்காரரோடு ஒரு நாள் காட்டுக்குப் போய்க் குழி வெட்டுவதைப் பார், மாத்திரைக் கம்பெனியில் தூள் எப்படிக் காய்கிறது என்று பார். பொட்டலத்தை வாங்கும்போது "இது எங்கே எடுத்தது, எதற்காகப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்காமல் ஒரு மாதிரியையும் தட்டில் ஏற்றாதே. அப்படிக் கேட்கிறவளைத் தேடி எல்லாத் துறையும் வரும். சேராமல் போகமாட்டாய்.

சி.டி. ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். "இதற்குப் பின்னால் இருக்கிற கணக்கில் சென்னையில் வேலை பார்த்த ஒரு விஞ்ஞானிக்கும் பங்கு உண்டு" என்றான் என் மகன். உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

உண்மைதான் அம்மா. ஜி.என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்தவர், 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்தார். அந்தச் சமயம் சென்னைக்கு வந்த பெர்னல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கொலாஜன் என்பது தோலிலும் தசைநாணிலும் உள்ள புரதம். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது வசதியாகப் போயிற்று. கங்காரு வால் தசைநாணை வைத்து எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, கொலாஜன் மூன்று இழை முறுக்கு என்று 1954இல் எழுதினார். உப்பையும் வைரத்தையும் பார்த்த நுட்பம் கங்காரு வாலுக்கு வந்துவிட்டது பாருங்கள்.

சி.டி. கதை அதற்குப் பிந்தியது. உங்கள் தலையைச் சுற்றி எல்லாப் பக்கமிருந்தும் எக்ஸ் கதிர் நிழல்கள் எடுக்கிறார்கள். ஒவ்வொரு நிழலும் தட்டை. இந்த நிழல்களிலிருந்து உள்ளே இருக்கும் குறுக்குவெட்டை எப்படித் திரும்பப் பெறுவது? எளிய வழி, ஒவ்வொரு நிழலையும் அது வந்த வழியே பின்னோக்கித் தடவி விடுவது. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது உருவம் தெரியும், ஆனால் ஈரச் சுவரில் வரைந்த கோலம் மாதிரிக் கசிந்து தெரியும். கசிவை நீக்க ஃபூரியர் மாற்றம் என்ற பெரிய கணக்கு போட வேண்டியிருந்தது. அந்தக் காலக் கணினிக்கு அது கனமான வேலை. ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் 1971இல் வேறு வழி சொன்னார்கள்: தடவுவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலையும் ஒரு வடிகட்டியில் போட்டு எடுத்துவிடுங்கள், அப்புறம் தடவினால் கசியாது. அவர்கள் பெயரிலிருந்தே அதற்கு ராம்-லாக் வடிகட்டி என்று பெயர். இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. இதை அவர்கள் யோசித்தது நோயாளிகளுக்காக மட்டும் அல்ல. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து மூலக்கூறின் முப்பரிமாணத்தை எடுக்கவும்தான்.

அதே 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டன் விம்பிள்டனில் உள்ள ஆட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளரின் சி.டி. கருவி முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. அந்த முதல் கருவியில் இருந்தது வேறு கணக்கு. பின்னால் வந்த கருவிகள் வடிகட்டித் தடவும் முறைக்கு மாறின, பல பத்தாண்டுகள் அதுவே வழக்கமாக இருந்தது. ஹவுன்ஸ்ஃபீல்டும், சி.டி.க்கான கணக்கைத் தனியாகப் போட்ட கார்மக்கும் 1979இல் நோபல் வாங்கினார்கள். இவர்கள் எல்லோருக்கும் முன்னால், 1917இலேயே ஆஸ்திரியக் கணிதர் ராடோன் இந்தக் கணக்கைத் தாளில் தீர்த்து வைத்திருந்தார். 1956இல் பிரேஸ்வெல் என்ற வானவியல்காரர் சூரியனின் ரேடியோ வரைபடம் போட இதே மாதிரிக் கணக்கைத் தனியாகக் கண்டுபிடித்தார். வானவியல்காரரும் மருத்துவரும் ஒருவர் பத்திரிகையை ஒருவர் படிக்கவில்லை. எத்தனை வருஷம் வீணாகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

மருத்துவமனையிலிருந்து இந்த நுட்பம் போன இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கிரேக்கக் கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து 1901இல் எடுத்த, பச்சை பிடித்துக் கட்டியாகிப்போன ஆன்டிகிதெரா பல்சக்கரப் பொறிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க, 2005இல் சுமார் 8 டன் எடையுள்ள எக்ஸ் கதிர்க் கருவியை ஏதென்ஸ் அருங்காட்சியகத்துக்கே தூக்கிப் போனார்கள். உள்ளே மறைந்திருந்த எழுத்துகள் படிக்கக் கிடைத்தன. சாக்கடலோரம் ஐன் கெதியில் கிடைத்த கரிந்த தோல் சுருளைத் தொடாமலே கணினியில் பிரித்துப் படித்தார்கள். ஆனால் வெசுவியஸ் எரிமலையில் வெந்த ஹெர்குலேனியச் சுருள்களில் வெகுகாலம் ஒன்றும் தெரியவில்லை. எலும்புக்கும் சதைக்கும் அடர்த்தி வேறு, அதனால் உங்கள் ஸ்கேன் தெளிவாக வருகிறது. அந்தச் சுருள்களிலோ பாப்பிரஸ் என்ற நாணல் தாளும் கரி, மையும் கரி. தாளின் மேற்பரப்பில் மை பட்ட இடத்தின் நுண்ணிய வித்தியாசத்தைக் கணினிக்குப் பழக்கி, 2023இல்தான் முதல் முழுச் சொல் வெளியே வந்தது.

தேனீ வளர்க்கிறேன். தேனைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் நிற்கணும், தீக்குச்சியில் தடவிப் பற்றவைத்தால் எரியணும் என்றெல்லாம் சொல்லி வாடிக்கையாளர்கள் என்னைச் சோதிக்கிறார்கள். உண்மையான சோதனை என்ன?
– வாசகர், மார்த்தாண்டம்

அவர்கள் செய்வது தேன் கெட்டியா, அதில் நீர் கூடுதலா என்று பார்ப்பதுதான். கெட்டிச் சர்க்கரைப் பாகும் அதில் தேறிவிடும். உங்கள் நல்ல தேன், மழைக்காலத்தில் கொஞ்சம் நீர்த்திருந்தால் தோற்றும் போகும்.

ஆய்வகம் பார்ப்பது கரியை. கரி அணுவில் நூற்றுக்கு ஒன்று கொஞ்சம் கனமானது, கார்பன் 13. நெல், கோதுமை, மரங்கள், உங்கள் ஊர் ரப்பர் எல்லாம் காற்றிலிருந்து கரியை ஒரு வழியில் எடுக்கின்றன. கரும்பு, மக்காச்சோளம், கம்பு, சோளம், கேழ்வரகு இவை வேறு வழியில் எடுக்கின்றன. இவற்றில் கனத்த கரி சற்றுக் கூடுதல். விஞ்ஞானிகளின் அளவுகோலில் முதல் கூட்டம் ஏறக்குறைய கழித்தல் 26இல் நிற்கும், இரண்டாவது கழித்தல் 12 பக்கம். ரப்பர் இலைக்காம்பில் சுரக்கிற தேனை உறிஞ்சி உங்கள் தேனீ செய்த தேன் முதல் கூட்டத்தில் விழும். கரும்புச் சர்க்கரை கலந்தால் எண் மேலே நகரும். தேனில் உள்ள சிறிது புரதத்தையும் தனியாக எடுத்து அளப்பார்கள், அது தேனீயிலிருந்தும் மகரந்தத்திலிருந்தும் வருவது, கலப்படக்காரர் கை படாதது. புரதத்துக்கும் தேனுக்கும் வித்தியாசம் ஒன்றைத் தாண்டினால் சந்தேகம்.

இந்த நுட்பம் தேனுக்காகப் பிறந்ததல்ல. பாறையையும் பழங்காலக் கடலின் வெப்பத்தையும் படித்தவர்கள் வளர்த்த நிறை நிறமாலைமானி அது, அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கிற கருவி. விளையாட்டு வீரர் உடம்பில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் சொந்தச் சுரப்பா, சோயா போன்ற தாவரத்திலிருந்து ஆலையில் செய்ததா என்று பிரிப்பதும் இதே எண்ணை வைத்துத்தான். தொல்லியல்காரர்கள் எலும்பில் எஞ்சிய கொலாஜனில் அளந்து, வட அமெரிக்காவில் மக்காச்சோளம் எப்போது சாப்பாடாகியது என்று 1970களில் கண்டார்கள். அங்கே வேறு பெரிய பயிர் எதுவும் இரண்டாம் கூட்டத்தில் இல்லை. அதனால் எண் ஏறினால் மக்காச்சோளம், அவ்வளவுதான்.

அதே முறையை நம் ஊர் எலும்பில் போட்டால்? எண் ஏறியிருக்கிறது, அதனால் கம்பும் சோளமும் சாப்பிட்டார்கள் என்று எழுதிவிடக் கூடாது. நம் மேய்ச்சல் நிலத்துப் புல்லில் பெரும்பகுதி இரண்டாம் கூட்டம். அதை மேய்ந்த மாட்டின் பாலையும் மோரையும் குடித்து, அரிசிச் சோறு சாப்பிட்டவருடைய எலும்பும் ஏறிய எண்ணையே காட்டும். அதைப் பிரிக்க நைட்ரஜனையும் பார்க்கணும், பக்கத்தில் கிடைத்த மாட்டெலும்பையும் அளக்கணும். அமெரிக்காவில் ஒரு எண் போதுமாக இருந்தது, இங்கே போதாது.

தேனிலும் இதற்கு ஓட்டை உண்டு. அரிசியிலிருந்தும் பீட்ரூட் இனச் சர்க்கரைக்கிழங்கிலிருந்தும் செய்கிற பாகு முதல் கூட்டத்தைச் சேர்ந்தது. கரிச் சோதனையில் தப்பிவிடும். அதற்கு என்.எம்.ஆர். என்ற கருவி. ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுக்கிற அதே தத்துவம். தேனில் உள்ள பல சேர்மங்களின் முழுச் சாடையையும் ஒரே தடவையில் காட்டும், பாகு கலந்தால் சாடை மாறும். ஆனால் ஒப்பிட நல்ல தேன்களின் தொகுப்பு வேண்டும். ரப்பர் தேன் அந்தத் தொகுப்பில் இல்லாவிட்டால் உங்கள் நல்ல தேனை அது அந்நியமாகப் பார்க்கும். மாதிரி அனுப்பும்போது ரப்பர்த் தோட்டத்துத் தேன், எடுத்த மாதம் இது என்று அவசியம் எழுதி ஒட்டுங்கள்.

நில அளவைத் துறையில் இருந்தவன். ஜி.பி.எஸ். வைத்து அளக்கும்போது காற்றின் ஈரத்தால் வரும் பிழையைக் கழிப்பதே பெரும்பாடாக இருக்கும். அதையே இப்போது மழை முன்னறிவிப்புக்குப் பயன்படுத்துகிறார்களாமே?
– வாசகர், கடலூர்

ஆமாம். செயற்கைக்கோளிலிருந்து வரும் சமிக்ஞை ஈரக் காற்றில் கொஞ்சம் தாமதிக்கும். தலைக்கு நேர் மேலே உள்ள காற்றிலிருக்கும் நீராவியை முழுக்கத் தண்ணீராக்கினால் 1 சென்டிமீட்டர் நிற்கும் என்றால், தாமதம் தூரக் கணக்கில் சுமார் 6.5 சென்டிமீட்டர் வரும். கடலூரில் ஐப்பசி மாதம் 5 சென்டிமீட்டர் ஈரம் நின்றால் 30 சென்டிமீட்டருக்கு மேல். நீங்கள் அதைக் கழித்துத் தூக்கி எறிந்தீர்கள். 1990களின் தொடக்கத்தில் வானிலைக்காரர்கள் அந்தக் கழிவைக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டார்கள். நிலையான இடத்தில் நிற்கிற ஜி.பி.எஸ். கருவி இரவும் பகலும் தன் தலைக்கு மேல் எவ்வளவு ஈரம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது, பலூன் பறக்கவிட வேண்டியதில்லை. உங்கள் பழைய அளவைக் குறிப்பேடுகள் பத்திரமாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

எங்கள் குடும்பத்தில் ஒரே நூலுக்கு இரண்டு ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. இரண்டிலும் பல இடங்களில் பாடம் வேறுபடுகிறது. எது மூத்தது என்று கார்பன் சோதனையில் தெரிந்துகொள்ளலாமா? கீழடியில் செய்தார்களே.
– வாசகர், அம்பாசமுத்திரம்

கீழடியில் செய்தது சரி. அங்கே கரித்துண்டு கிடைத்தது, 2,600 ஆண்டுகளுக்கு முந்திய காலம் என்று வந்தது. கார்பன் 14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டு ஆகிறது, அதனால் அந்தத் தொலைவுக்கு அது நல்ல கடிகாரம். உங்கள் ஏட்டுக்கு உதவாது, காரணம் சொல்கிறேன்.

நம் வெக்கையிலும் பூச்சியிலும் ஓலை சில நூறு ஆண்டு தாங்கினால் அதிகம். அதனால்தான் திரும்பத் திரும்பப் படியெடுத்தார்கள். கையில் இருக்கிற ஏடுகளில் பெரும்பாலானவை கடைசி முந்நூறு ஆண்டுக்குள் எழுதியவை. துரதிருஷ்டம் என்னவென்றால் 1650க்கும் 1950க்கும் நடுவே காற்றிலிருந்த கார்பன் 14இன் அளவு ஏறி இறங்கி ஏறி, பல வருஷங்களுக்கு ஒரே விடை வருகிற மாதிரி ஆகிவிட்டது. சோதனைச்சாலை உங்களுக்குக் கொடுக்கப்போவது 1670ஆகவும் இருக்கலாம், 1780ஆகவும் இருக்கலாம், 1900ஆகவும் இருக்கலாம் என்ற பதில். அதற்காக ஓலையில் ஒரு துண்டை வெட்டி எரிக்க வேண்டும். வேண்டாம். அதோடு, ஓலை இளசாக இருந்து பாடம் மூத்ததாக இருக்கலாம். நேற்று எழுதிய படி, மிகப் பழைய மூலத்தைப் பார்த்து எழுதியதாக இருக்கலாம் இல்லையா?

பாடத்தின் வயசைக் கேட்க வேறு நுட்பம் இருக்கிறது, அதைத் தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் நன்றாக அறிவார்கள். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகப் போய் ஏடு சேர்த்துப் பாடபேதம் குறித்தது இதற்காகத்தான். இரண்டு ஏடுகள் ஒரே சரியான சொல்லை வைத்திருப்பதால் உறவாகிவிடாது. ஒரே தவறை வைத்திருந்தால்தான் உறவு. ஒரு கவி நடுவில் அதே இடத்தில் ஒரு அடி விட்டுப்போயிருந்தால் இரண்டும் ஒரே தாய் ஏட்டின் பிள்ளைகள்.

உயிரியல்காரர்கள் டி.என்.ஏ.வில் செய்வது இதுவேதான். எழுத்து மாற்றங்கள் யாரோடு யார் பகிர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து வம்சமரம் போடுகிறார்கள். 1998இல் கேம்பிரிட்ஜ் உயிர்வேதியியலாளர்கள் தங்கள் துறை மென்பொருளை அப்படியே எடுத்து, சாசர் என்ற 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞரின் கதைத் தொகுப்பில் ஒரு பகுதிக்குக் கிடைத்த கையெழுத்துப் பிரதிகளுக்கு மரம் போட்டார்கள். 2018இல் இன்னொரு குழு அதே வகைக் கணக்கைத் தமிழ், கோண்டி, பிராகுயி என்று 20 திராவிட மொழிகளின் அடிப்படைச் சொற்களில் போட்டு, அந்தக் குடும்பத்துக்குச் சுமார் 4,500 வயது என்று கணித்தது.

ஆனால் இந்த மென்பொருளை உங்கள் ஏட்டில் அப்படியே போட்டால் ஏமாறுவீர்கள். ஏட்டில் புள்ளி கிடையாது. எகரமும் ஏகாரமும் ஒன்று போல இருக்கும். கால் குறியும் ரகரமும் ஒரே வடிவம். இதில் தடுமாறுவது யாருக்கும் எப்போதும் நடக்கும். இரண்டு ஊரில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே தவறைச் செய்வார்கள். அதை உறவுக்குச் சாட்சியாக எடுக்கக் கூடாது. எது எளிதில் நேரும் பிழை, எது நேராத பிழை என்று கணினிக்குச் சொல்ல, ஏடு படித்துக் கண் பழகியவர் வேண்டும். அப்புறம் இன்னொன்று. சில எழுதுகிறவர்கள் இரண்டு ஏட்டை விரித்துவைத்து நல்லதாகப் பட்டதை எடுத்துக்கொள்வார்கள். அப்போது ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய். மரம் போட முடியாது, வலைதான் வரும். பாக்டீரியாக்கள் தங்களுக்குள் மரபணுவைக் கைமாற்றிக்கொள்வதால் உயிரியலிலும் இதே சிக்கல் உண்டு, அதற்கென்று அவர்கள் செய்த வலைக் கணக்கு இங்கேயும் உதவுகிறது.

இத்தனைக்கும் முன்னால் நீங்கள் செய்ய வேண்டிய காரியம் மிகச் சின்னது. ஏட்டுக்கு எண்ணெய் எதுவும் நீங்களாகப் பூசாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு ஓலையையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். கடைசி ஓலையை முதலில் எடுங்கள். படியெடுத்தவர் முடித்த நாளை அங்கேதான் எழுதுவார். திருநெல்வேலிச் சீமையில் பெரும்பாலும் கொல்லம் ஆண்டில் இருக்கும். அதோடு 825ஐக் கூட்டினால், ஆவணி முதல் மார்கழி வரையான மாதங்களுக்கு ஓராண்டு குறைய, ஆங்கில ஆண்டு வந்துவிடும். தமிழ் எண்களில் இருந்தால் ௲ என்ற ஆயிரக் குறியைத் தேடுங்கள். படிக்க முடியாவிட்டால் சென்னை கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையிலோ காட்டுங்கள். அந்தக் கடைசி ஓலையின் படத்தை எனக்கும் அனுப்பி வையுங்கள், எனக்கு அதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.